சங்கை என்று எழுதாத கடிதம்

பாக்கர் மீன் வாங்கும் அழகை ஒருநாள் நின்று பார்த்தால் போதும், அவரைப் பற்றி வேறு யாரிடமும் விசாரிக்க வேண்டாம். செவுளைத் தூக்கி நிறம் பார்ப்பார். வயிற்றை அமுக்கிப் பார்ப்பார். இன்றைக்குப் பிடித்ததுதானா என்று கேட்பார். ஆமாம் என்று சொன்னால் அதை நம்பாமல் பக்கத்துக் கூடைக்காரியிடம் போய், இவளுடைய மீன் இன்றைக்குப் பிடித்ததா என்று கேட்பார். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எதற்கு என்று யோசித்தபடி கொஞ்ச நேரம் நிற்பார். கடைசியில் முதல் கூடைக்கே திரும்பி வந்து அரைக் கிலோ சூடை வாங்கிக்கொண்டு, வீடு போய்ச் சேர்வதற்குள் பையை இரண்டு தடவை மோந்து பார்ப்பார்.

மனிதர் எப்போதும் இப்படி இருந்ததில்லை. எட்டு வருஷமாகத்தான் இப்படி.

சாயல்குடியிலிருந்து கிழக்கே கடலோரமாகப் போனால் வரும் சிப்பிப்பட்டினத்தில் அவர் ஜமாஅத் ஆபீஸ் எழுத்தர். இருபத்தேழு வருஷமாக அதே நாற்காலி. பிறப்பு, மௌத்து, பள்ளிவாசல் கடைகளின் வாடகை, குழாயடிச் சண்டை என்று ஊரில் எழுத்தில் ஏற வேண்டியதெல்லாம் அவர் கையால்தான் ஏறும். அதில் முக்கியமான வேலை கல்யாணக் கடிதம். வெளியூர்ப் பெண்ணுக்கும் இந்த ஊர்ப் பையனுக்கும் நிக்காஹ் என்றால், பையனுடைய ஜமாஅத்திலிருந்து பெண்ணுடைய ஜமாஅத்துக்கு ஒரு கடிதம் போக வேண்டும். இன்னாருடைய மகன் இன்னார் எங்கள் மஹல்லாக்காரர், இந்தத் திருமணத்தில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று லெட்டர்பேடில் எழுதி, முத்திரை குத்தி, தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் அங்கே நிக்காஹ் புத்தகத்தைத் திறப்பார்கள்.

கடிதம் மொத்தம் ஆறு வரி. ஐந்து வரியை யாரும் வாசிப்பதில்லை. மூன்றாவது வரியில் குடும்பத்தைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறது என்று மட்டும் பார்ப்பார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கணக்கு. நல்ல குடும்பம் என்றிருந்தால் ஒரு கணக்கு. சங்கையான குடும்பம் என்றிருந்தால் பேச்சே கிடையாது, பெண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம்.

மற்றவர்கள் மதிப்பு, மரியாதை, கௌரவம் என்று மூன்று சொல் போட்டுச் சொல்வதை அந்தக் கரையோரத்து முஸ்லிம்கள் சங்கை என்ற ஒன்றிலேயே முடித்துவிடுவார்கள். வீட்டுக்குப் பெரியவர்கள் வந்தால் சங்கை செய்வார்கள். பத்திரிகையில் சங்கைமிகு உலமாக்கள் என்று அச்சடிப்பார்கள். மேடையில் மைக்கைப் பிடித்தவர் எதிரே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரையும் சங்கைக்குரியவர்களே என்று கூப்பிடுவார். போன வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் வாசலில் செருப்புத் திருடி மாட்டிக்கொண்டவனும் அந்தக் கூட்டத்தில் இருப்பான். பேச்சில் அது இலவசம். ஜமாஅத் கடிதத்தில் அப்படி இல்லை.

பாக்கர் அதை லேசில் எழுத மாட்டார். பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமும் கிடையாது. கிழிந்த வலை தைத்துப் பிழைத்த ஒருவருடைய மகனுக்கு யாரும் கேட்காமலே எழுதினார். மூன்று மாடி வீடு கட்டியவர் தன் மகனுக்காக இரண்டு நாள் ஆபீஸ் வாசலில் நின்றபோது, 'செல்வாக்குள்ள குடும்பம்' என்று எழுதிக் கொடுத்தார். அவர் அதை வாசித்துப் பூரித்துப் போய் பாக்கருக்குக் கை கொடுத்தார். பெண் வீட்டு ஜமாஅத் அதை வாசித்துவிட்டு, மேற்கொண்டு விசாரிக்க இரண்டு பேரை அனுப்பியது. பாக்கருடைய மூன்றாவது வரி அவ்வளவு பேர்போனது. முதல் பத்தொன்பது வருஷத்தில் சங்கையான குடும்பம் என்று அவர் எழுதியது பன்னிரண்டே தடவை.

பதினொன்றைப் பற்றி ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டாவதுதான் சுஐபுக்கு எழுதியது.

சுஐபு அப்போதைய ஜமாஅத் தலைவரின் தங்கை மகன். மலேசியாவில் சாப்பாட்டுக் கடை. பெண், தேவிபட்டினத்துக்கு வடக்கே இருக்கும் தோணிப்பட்டினம். பேர் நூர் நிஷா. கடிதம் எழுதுவதற்கு மூன்று வாரம் முன்னால் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, மலேசியாவிலிருந்து லீவில் வந்த ஒருவர் பாக்கர் காதோரம், "அவனுக்கு அங்கன ஒரு குடும்பம் இருக்கு போல பாக்கர் காக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். பாக்கர் அந்தப் 'போல'வைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இருக்கு என்றா சொன்னார், இருக்கு போல என்றுதானே சொன்னார். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தலைவர் எதிரே வந்து உட்கார்ந்து, "நம்ம புள்ளதானே பாக்கரு, நல்லா எழுதிரு" என்றார். மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. டீ வந்தது. டீ ஆறுவதற்குள் பாக்கர் எழுதிவிட்டார்.

பத்து மாதத்தில் நூர் நிஷா தாய் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். மலேசியாவில் சுஐபுக்கு மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். தோணிப்பட்டினத்திலிருந்து யாராவது வந்து வாசலில் நின்று நாலு வார்த்தை ஏசிவிட்டுப் போவார்கள் என்று பாக்கர் காத்திருந்தார். யாரும் வரவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அதன்பிறகு அந்தச் சொல்லை அவர் யாருக்கும் எழுதியதில்லை. ஊர் அவரைக் கறாரான மனிதர் என்று மெச்சியது. அன்றிலிருந்து மீனைச் சந்தேகப்பட்டார், பால்காரரைச் சந்தேகப்பட்டார், பஸ் கண்டக்டர் கொடுக்கும் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தேகப்பட வேண்டிய ஒரே ஆள் அவருடைய சட்டைக்குள்ளேயே இருந்தார் என்பதை மட்டும் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

இப்போது அவர் மகள் சுஹாவுக்கு மாப்பிள்ளை அதே தோணிப்பட்டினத்திலிருந்து வந்தான்.

காஜா நவாஸ், கத்தாரில் ஏசி மெக்கானிக். உறவுக்காரர் கல்யாணத்தில் சுஹாவைப் பார்த்துவிட்டு அவன் உம்மாதான் கேட்டு வந்தாள். பாக்கர் அன்றைக்கே யோசிக்க ஆரம்பித்தார். கரை நெடுக இத்தனை ஊர் இருக்க, அந்த ஊர்க்காரர்கள் ஏன் இந்த வாசலைத் தேடி வருகிறார்கள்? எட்டு வருஷம் சும்மா இருந்தது இதற்காகத்தானா? ஆனால் பி.எட். முடித்துப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் மகள் மாப்பிள்ளையோடு போனில் பேசிச் சரி என்றாள். மனைவி முத்து மீராள் நகைக்கடைக்கே போய் வந்துவிட்டாள். நாள் குறித்தாயிற்று.

நிக்காஹுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது தோணிப்பட்டினம் ஜமாஅத்தின் கடிதம் வந்தது. பாக்கர் மூன்றாவது வரிக்குப் போனார். 'காஜா நவாஸ் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்தவர்.' அவ்வளவுதான். சங்கையும் இல்லை, நல்லதும் இல்லை. காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அழித்த தடம்கூட இல்லை.

"இதுல ஒண்ணுமே எழுதலையே" என்றார் வீட்டில்.

"கல்யாணத்துக்குத் தடை இல்லேன்னு எழுதியிருக்குல்ல" என்றாள் முத்து மீராள். "வேற என்ன வேணும் உங்களுக்கு, புகழ்ந்து பாட்டா?"

"ஒனக்குத் தெரியாது. எழுதாம விடுறதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. பையன்கிட்ட என்னமோ இருக்கு. இல்லாட்டி அவங்க மனசுல என்னமோ இருக்கு. இதை நிப்பாட்டணும்."

பீங்கானைக் கழுவிக்கொண்டிருந்த சுஹா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க வாப்பா. கடுதாசி மேல பழியப் போடாதீங்க. நான் சரின்னு சொல்லிட்டேன். நிப்பாட்டுறதுன்னா எனக்குக் காரணம் சொல்லணும்."

காரணம் சொல்வதென்றால் பன்னிரண்டாவது கடிதத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பாக்கர் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மறுநாள் காலையில் கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டு வருகிறேன் என்று ராமநாதபுரம் பஸ் ஏறினார். அங்கே இறங்கி வேறு பஸ் மாறினார். கடலுக்குள் இருக்கும் நவபாஷாணத்தில் முழுகியவர்கள் ஈரத் துணியோடு தேவிபட்டினத்தில் ஏறி, அவர் வேட்டியையும் நனைத்தார்கள். அதற்குக்கூட அவர் முகம் சுளிக்கவில்லை, அவ்வளவு யோசனை.

தோணிப்பட்டினம் பஸ் நிறுத்தத்தில் முனீஸ்வரன் என்பவரின் டீக்கடை. பாக்கர் டீ சொல்லிவிட்டு, இந்தப் பக்கம் தென்னந்தோப்பு ஏதும் விலைக்கு வருமா என்று மெல்ல ஆரம்பித்தார். முனீஸ்வரன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"பாய், நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ள வீடா?"

"எதுக்குக் கேக்குறீங்க?"

"இந்த ஊருல தென்னந்தோப்பே கிடையாது. வாரத்துக்கு ரெண்டு பேரு வந்து தோப்புத்தான் கேக்குறாங்க. யாரைப் பத்தித் தெரியணும், சொல்லுங்க."

பேரைச் சொன்னதும், "நவாஸா, தங்கமான பையன்" என்றார் முனீஸ்வரன். பாக்கருக்கு அது பிடிக்கவில்லை. அரை நிமிஷம் யோசித்துச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். கேட்ட வேகத்தில் சொன்னால் எல்லோருக்கும் இதையேதான் சொல்கிறார் என்று அர்த்தம். டீயில் பாதியை வைத்துவிட்டு ஜமாஅத் ஆபீசுக்கு நடந்தார்.

அங்கே கம்ப்யூட்டர் முன்னால் முப்பது வயதுக்காரர் ஒருவர், ஸுஹைர் என்று பேர், எழுத்தர். பாக்கர் ஸலாம் சொல்லி, சிப்பிப்பட்டினம் என்று சொன்னதும் அவர் எழுந்து நின்றார்.

"பாக்கர் காக்காவா? உங்களைப் பார்த்ததில்ல. உங்க கையெழுத்துத் தெரியும்."

பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்து, அதிலிருந்து ஒரு காகிதத்தை உருவி மேஜைமேல் வைத்தார். பழுத்துப் போன லெட்டர்பேடு. மடித்த இடமெல்லாம் நைந்திருந்தது. மூன்றாவது வரி பாக்கருடைய குண்டு எழுத்தில் அப்படியே இருந்தது: 'சுஐபு சங்கையான குடும்பத்தைச் சேர்ந்தவர்.'

"இதுக்கப்புறம் இந்த ஆபீசுல யாருக்கும் அந்த வார்த்தைய எழுதுறதில்லேன்னு ஜமாஅத்துல முடிவு பண்ணிட்டாங்க" என்றார் ஸுஹைர். "தலைவரு வீட்டுக் கல்யாணத்துக்கும் எழுதலை. எல்லாருக்கும் ஒரே கடுதாசி, பேரை மட்டும் மாத்துறது. நவாஸுக்குன்னு தனியா ஒண்ணும் இல்ல காக்கா. நூர் நிஷா எங்க லாத்தாதான், என்கூடப் பொறந்தவங்க."

பாக்கருக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்படி நிம்மதி வந்ததற்காக அடுத்த நொடியே வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் விடவில்லை, பழகிப் போன புத்தி.

"அப்ப பையன் எப்படி தம்பி?"

"நான் சொன்னா நம்புவீங்களா? லாத்தாகிட்டயே கேளுங்க. அவங்க தையல் கடைக்கும் நவாஸ் வீட்டுக்கும் ஒரே சுவரு." பாக்கர் தயங்கினார். ஸுஹைர் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடக்க ஆரம்பித்துவிட்டதால் வேறு வழியில்லாமல் பின்னால் போனார்.

கடையில் நூர் நிஷா தனியாக இருந்தாள். முப்பத்து மூன்று முப்பத்து நாலு வயதிருக்கும். வந்தவர் யாரென்று தம்பி ஸுஹைர் சொன்னதும் மிஷின் மிதிப்பதை நிறுத்தினாள்.

"உக்காருங்க காக்கா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு எட்டு வருஷமா இருந்தேன். அதை எழுதும்போது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். ஜும்ஆ முடிந்து காதோரம் சொன்னவர் போன வருஷம் மௌத்தாகிவிட்டார், சாட்சி யாரும் இல்லை. தெரியும் என்று சொன்னால், சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் இவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சுஹாவின் கல்யாணம் அதோடு முடிந்தது. இரண்டையும் பாக்கர் மனதுக்குள் போட்டுப் பார்த்தார். அவள் அவசரப்படுத்தாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காதுல விழுந்துச்சும்மா" என்றார். "விசாரிச்சிருக்கணும். விசாரிக்கலை. எழுதிட்டேன்."

நூர் நிஷா மிஷின்மேல் கிடந்த நூலைச் சுற்றி ஓரமாக வைத்தாள்.

"வாப்பா அந்தக் கடுதாசிய ஜமாஅத்துல கேட்டு வாங்கித் தலைமாட்டுலயே வச்சிருந்தாங்க, அவங்களுக்கு அப்புறம்தான் அது ஆபீசுக்குத் திரும்புச்சு" என்றாள். "எடுத்து எடுத்துப் பார்ப்பாங்க. எழுதுனவருக்குத் தெரிஞ்சிருக்காதும்மா, தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டாருன்னு மௌத்தாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

பாக்கருக்கு அழுகை வந்தது. ஐம்பத்தாறு வயதில் அடுத்த ஊர்த் தையல் கடை ஸ்டூலில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "என்னை மன்னிச்சிரும்மா" என்றார்.

"அதுக்கு இன்னைக்கு நேரமில்ல காக்கா. மகளுக்காகத்தானே வந்தீங்க. அதைக் கேளுங்க."

அவர் கேட்காமலே அவள் சொன்னாள். "நவாஸ் முன்கோபக்காரன். போன தடவ லீவுல வந்தப்போ தண்ணி லாரிக்காரன்கிட்ட சண்டை போட்டு, மூணு நாள் இந்தத் தெருவுக்கே தண்ணி வரலை. அவன் உம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம், உங்க மக தாங்கிக்கணும். ஆனா எங்க வாப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ ஸுஹைரு சவூதியில மாட்டிக்கிட்டான். நவாஸுதான் கூட இருந்தான். அவனுக்கு இருந்த லீவே முப்பது நாளு, அதுல பதினோரு நாளு. மூத்திரப் பாத்திரம் எடுத்தான். அதை இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லிக்கிட்டதில்ல. தாராளமா குடுங்க."

பாக்கருடைய சந்தேகம் அப்போதுதான் உச்சிக்கு ஏறியது. இவள் ஏன் நல்லது சொல்ல வேண்டும்? தன்னை ஒரு வார்த்தையால் கிணற்றில் தள்ளினவனுடைய மகளை, அதே மாதிரி ஒரு வார்த்தையால் தள்ளிவிட இதைவிட நல்ல சமயம் இவளுக்கு எப்போது வரும்? பழி வாங்க வேண்டும் என்று உலகத்தில் ஒருத்திக்கு நியாயம் இருந்தால் அது இவளுக்குத்தான். அவள் அதைக் கண்டுகொண்டாள்.

"நம்பலையா? விட்டுருங்க. நாங்க காகிதத்தை நம்புனோம். நான் எழுதியெல்லாம் குடுக்கலை, வாயாலதான் சொல்றேன்." மிஷினை மறுபடியும் மிதிக்க ஆரம்பித்தாள்.

திரும்பி வரும்போது பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து பாக்கர் அதையே புரட்டிக்கொண்டிருந்தார். முன்கோபம் என்றாள். உம்மாவுக்கு வாய் நீளம் என்றாள். தள்ளிவிட நினைக்கிறவள் குழி இருக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டா தள்ளுவாள்? தான் இருபத்தேழு வருஷமாக எழுதிய அத்தனை கடிதத்திலும் ஒரே ஒரு குறையைக்கூட எழுதியதில்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சுஐபின் கடிதத்தில் குறை என்று ஒரு எழுத்து கிடையாது. ராமநாதபுரத்தில் பஸ் மாறும்போது கண்ணாடிக் கடை கண்ணில் பட்டது. உள்ளே போகாமல் நேரே ஊருக்குப் போனார்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து வந்து மனைவியையும் மகளையும் எதிரே உட்கார வைத்து, காதில் விழுந்த 'போல'விலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். முத்து மீராள் தலையில் கை வைத்துக்கொண்டாள். சுஹா வெகுநேரம் அவரைப் பார்க்கவே இல்லை. அது பாக்கருக்கு எட்டு வருஷம் கழித்துக் கிடைத்த ஏச்சு.

"அவங்களேதான் சொன்னாங்களா, குடுக்கலாம்னு?" என்று கடைசியில் கேட்டாள்.

"அவங்களேதான்."

"யாரையும் நம்ப மாட்டீங்களே வாப்பா. அவங்களை மட்டும் எப்படி நம்புனீங்க?"

"குறையையும் சேர்த்துச் சொன்னாங்கம்மா."

சுஹா தலையாட்டினாள். "அப்ப முதல் பத்திரிகை அவங்களுக்கு வைங்க. தபால்ல போடாதீங்க, நீங்களே கொண்டு போங்க."

நாலாம் நாள் பாக்கர் மறுபடியும் தோணிப்பட்டினம் போனார். முனீஸ்வரன் கடையில் டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார். தையல் கடையில் பத்திரிகையை இரண்டு கையாலும் நீட்டினார். நூர் நிஷா பிரிக்காமல் மேலுறையைப் பார்த்தாள். அச்சடித்த எழுத்து இல்லை, அதே குண்டு எழுத்து: 'சங்கைக்குரிய நூர் நிஷா அவர்களுக்கு.'

வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இது தெரிஞ்சு எழுதுனதா காக்கா?"

"தெரிஞ்சு எழுதுனதும்மா" என்றார் பாக்கர்.

அவள் பத்திரிகையைக் கத்தரிக்கோலுக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தாள்.